காசு மட்டும் என்ற பலகை யாருக்கு வசதி?

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, இந்த மழையிலும் மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்துக் கடைகளுக்கு ஏற்றது கையில் வாங்கும் காசா, அட்டையில் வாங்கும் காசா என்பது நடுவர் நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. நான் அட்டையின் பக்கம் நிற்கிறேன். எனக்கு முன்னே பேசிய எதிரணித் தலைவர், நாளைக் காலையிலேயே நாங்கள் நோட்டுகளை எல்லாம் அள்ளிக் கொளுத்திவிடப் போகிறோம் என்பதுபோல ஒரு பயத்தை அவையில் கிளப்பிவிட்டுப் போயிருப்பதால், எங்கள் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு இருக்கட்டும். வருபவர் காசை நீட்டினால் கடைக்காரர் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அதைத் தவிர வேறெதையும் வாங்கமாட்டேன் என்று கல்லாவுக்கு மேலே பலகை மாட்டி வைத்திருக்கிறாரே, அதைத்தான் கழற்றச் சொல்கிறோம். அட்டை என்று நான் சொல்லும்போது, கைபேசியில் கியூஆர் குறியைக் காட்டிச் செலுத்துவதும் அதற்குள் அடங்கும் என்று நடுவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காசு எங்கே கொடுத்தாலும் செல்லும், யாரும் மறுக்கமாட்டார்கள் என்றார் எதிரணித் தலைவர். சம்பளம் போட்ட மறுநாள் ஹட்டனிலோ, தலவாக்கலையிலோ, பொகவந்தலாவையிலோ ஏடிஎம் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் வரிசையை அவர் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த வரிசையில் கால் கடுக்க நின்று எடுத்தால், பெரும்பாலும் கைக்கு வருவது ஐயாயிரம் ரூபா நோட்டு. அதைக் கொண்டுபோய் ஒரு இறாத்தல் பாணும் ஒரு பக்கற் சீனியும் கேட்டால், காசு மட்டும் என்று பலகை மாட்டிய அதே கடைக்காரர் அந்த நோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சில்லறை இல்லையா?" என்று கேட்கிறார். ஆக, காசு மட்டும் வாங்கும் கடை எல்லாக் காசையும் வாங்குவதில்லை. மிச்சத்துக்கு இரண்டு டொஃபி தருவதும், பஸ் நடத்துநர் மிச்சத் தொகையைச் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தந்துவிட்டு இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வதும், இறங்குகிற அவசரத்தில் நாம் அதை மறந்துபோவதும் இந்த அவையில் யாருக்கும் புதிதல்ல. 2025 நவம்பரில் பேருந்துக் கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்தும் முறையைக் கொழும்புப் பக்கத்தில் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பாதைகளுக்கு அது எந்த யுகத்தில் ஏறி வருமோ தெரியாது.

சில்லறைத் தொல்லையாவது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அப்படிப் போக முடியாத ஒன்றை நான் ஒரு மருந்துக் கடையில் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர், தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளையோடு இறங்கி வந்த ஒரு தாய். மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்த மருந்துக்குக் கணக்குப் பார்த்துத் தொகையைச் சொன்னதும், அவர் பணப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்று நாளைக்கு மட்டும் தரும்படி கேட்டார். கடையில் இருந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து, மாத்திரை அட்டையை அளவாக வெட்டினார். அது கிருமிக்கொல்லி மருந்து. தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது என்று எல்லா மருத்துவரும் படித்துப் படித்துச் சொல்வது. அந்தத் தாயின் கணக்கில் அன்று பணம் இல்லாமல் இல்லை. டவுனில் அவருடைய வங்கியின் இயந்திரம் வேலை செய்யவில்லை. அடுத்த இயந்திரத்துக்குப் போய் வரிசையில் நின்று திரும்பினால் மேற்பிரிவுக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். கைப்பையில் வங்கி அட்டை இருந்தது, கணக்கில் பணம் இருந்தது, எதிரே மருந்தும் இருந்தது. மூன்றுக்கும் நடுவில் அந்தப் பலகை நின்றது. காசு எளிமையானது, ஏழைக்கு இணக்கமானது என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி உருகினாரே, அந்தக் கத்தரிக்கோலுக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார்?

கழிவுத் தொகைக்கு வருகிறேன். அட்டையில் வாங்கினால் வங்கி ஒரு வீதத்தைப் பிடித்துக்கொள்கிறது, சின்னக் கடைக்காரர் அதை எப்படித் தாங்குவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாவிலும் சீனியிலும் கிடைக்கிற இலாபம் எவ்வளவு குறைவு என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும். இயந்திரம் வைப்பது கட்டாது என்றால், லங்கா கியூஆர் குறி அச்சிட்ட ஒரு தாளைக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டினால் போதும். எந்த வங்கியின் செயலியை வைத்திருப்பவரும் அந்த ஒரே குறிக்குப் பணம் அனுப்பலாம், கழிவும் அட்டையைவிடக் குறைவு. இனி, காசுக்குச் செலவே இல்லை என்பதுபோலப் பேசுவதும் சரியல்ல. நாளாந்தம் எண்ணுவதற்குப் போகிற நேரம், சில்லறைக்காக வங்கிக்கு அலைவது, கள்ள நோட்டு வந்து சேர்ந்தால் ஏற்படும் நட்டம், இரவில் கல்லாப் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பயம் ஆகியவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதாததால் அவை செலவு அல்ல என்று ஆகிவிடாது.

பெரிய கடைகள் சில அட்டையை வாங்கிக்கொண்டு, அதற்கு இரண்டரை வீதம், மூன்று வீதம் கூடுதலாகக் கேட்கின்றன என்பதையும் எதிரணியினர் எங்கள் கணக்கில் போட்டார்கள். அந்தக் கழிவை வாடிக்கையாளரின் தலையில் கட்டுவது, கடைக்காரர் வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கே முரணானது என்று மத்திய வங்கி பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. கேட்டால் வங்கியிடம் முறைப்பாடு செய்யலாம். அது அட்டையின் குற்றம் அல்ல, அந்தக் கடைக்காரரின் குற்றம். வருமானம் எழுத்தில் ஏறிவிட்டால் வரிக்காரர் வந்து நிற்பார் என்று பயந்து பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எதிரணி வாதாட விரும்பினால் வெளிப்படையாகவே வாதாடட்டும். நாங்களும் ஆவலோடு கேட்போம்.

நடுவர் அவர்களே, எதிரணியின் பேச்சில் அவையின் நெஞ்சைத் தொட்ட இடம் கடைக்கொப்பி. மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதபோது கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவர் நம் ஊர்க் கடைக்காரர். அட்டை இயந்திரம் கடன் கொடுக்குமா என்று கேட்டார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். நானும் கைதட்டினேன். 2022 இல் அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போன நாட்களில், அந்தக் கொப்பிகள் இல்லாவிட்டால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளான எத்தனையோ லயங்களில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் கொப்பிக் கடன் வேறு, அந்தக் கடனை எதனால் அடைக்கிறோம் என்பது வேறு. கடனுக்கு எழுதுகிற கடைக்காரர் தொடர்ந்து எழுதட்டும். சம்பளம் வந்ததும் அதை அட்டையால் அடைத்தால் கொப்பிக்கு என்ன கேடு வந்துவிடும்?

கேடு வராதது மட்டுமல்ல, நமக்குப் பெரிய நன்மையும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள நம்முடைய வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்படத் தொடங்கிய காலத்திலும், பின்னர் தேயிலைக் காலத்திலும், கங்காணிமார் வழியாகவே ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். பயணச் செலவும், அரிசியும், கம்பளியும் ஆளின் பேரில் கடனாக ஏறின. சம்பளமும் பல தோட்டங்களில் கங்காணியின் கைக்குப் போய்த்தான் தொழிலாளியின் கைக்கு வந்தது. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்பது கணக்கு எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். துண்டு முறை என்ற ஒன்று இருந்தது: இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார், அதைக் காட்டி, அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்ளும். அந்தக் கடன் சரிதானா என்று கேட்கத் தொழிலாளியிடம் ஒரு எழுத்தும் இருக்கவில்லை. 1921 இல் சட்டம் கொண்டுவந்துதான் அந்த முறையை ஒழித்தார்கள்.

இன்றைய கடைக்காரரைக் கங்காணியோடு ஒப்பிட்டால் அது அநியாயம். அப்படி நான் ஒப்பிடவில்லை. என்றாலும் கணக்கு எழுதிய தாள் ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருக்கும் வழக்கத்தின் வலியை நம்மைப்போல அனுபவித்த சமூகம் இந்த நாட்டில் வேறில்லை. காசாகக் கட்டி அடைத்த கடனுக்கு, கடைக்காரர் கொப்பியில் ஒரு கோடு போட்டுவிடுகிறார். நம் கையில் ஒன்றும் இல்லை. கோடு போட அவர் மறந்துவிட்டால், நல்ல மனிதர் என்பதற்காகவே நாம் சண்டை பிடிக்கவும் கூச்சப்பட்டு இரண்டாம் தரமும் கட்டுவோம். அட்டையில் கட்டினால் தேதியும் தொகையும் இரு பக்கத்திலும் பதிவாகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட, அவருடைய பேத்தி கைபேசியில் வந்த குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்லிவிடுவாள்.

அந்தப் பதிவு கடைக்காரருக்கும் உதவும். கடையை விரிக்க வங்கிக்கடன் கேட்டுப் போகிறவரிடம், மாதம் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். இருபது வருடமாக நாணயமாகக் கடை நடத்தியவரிடம் காட்டுவதற்கு ஒரு கொப்பியும் ஒரு கல்லாப் பெட்டியும்தான் இருக்கின்றன. வங்கி கைவிரித்ததும் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வருகிற வெளிநாட்டவர்கள் அட்டையோடு வந்து, ரொட்டிக் கடையைப் பார்த்துவிட்டு, அட்டை வாங்குகிற பெரிய உணவகத்துக்கு நடந்துவிடுவதை நான் விவரிக்கத் தேவையில்லை. அங்கே கடை வைத்திருப்பவர்களே சொல்வார்கள்.

அடுத்து, டித்வா. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மின்சாரம் இல்லை, தொலைபேசிச் சமிக்ஞை இல்லை, அட்டையை எங்கே தேய்ப்பது என்று கேட்டார்கள். அது உண்மை. சிம் அட்டையில் இயங்கும் இயந்திரம் சமிக்ஞை இல்லாவிட்டால் வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான்; சமிக்ஞை போன இடங்களில் அந்த நாட்களில் அரிசி வாங்கித் தந்தது கையிலிருந்த காசு. காசை ஒழிக்கச் சொல்லாததற்கு அதுவே காரணம். ஆனால் காசும் பாதையை நம்பித்தான் வருகிறது என்பதை எதிரணி மறந்துவிட்டது. மண் சரிந்து பாதை மூடிவிட்டால் ஏடிஎம் இயந்திரத்துக்குப் பணம் கொண்டுவரும் வண்டியும் வராது. மின்சாரம் இல்லாவிட்டால் அந்த இயந்திரமும் திறக்காது. வீட்டோடு மண்ணுக்குள் போன பெட்டியில் இருந்த சேமிப்பு போனது போனதுதான். வங்கியில் இருந்த சேமிப்புக்கு அந்த நிலை இல்லை. அட்டை தொலைந்தால் புதிய அட்டை தருவார்கள். சமிக்ஞை திரும்பிய பிறகும் அட்டையை வாங்காத கடைக்குப் புயலைக் காரணம் காட்ட முடியாது.

கடைசியாக, பெரியவர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்ற வாதம். 2023 முதல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்தொகை வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பல தோட்டங்களில் சம்பளம் வங்கிக்குப் போகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்புவதும், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மகள் அனுப்புவதும் வங்கிக்குத்தான். அரசாங்கத்துக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், பிள்ளைகளுக்கும் இல்லாத சிரமம் கடைக்காரருக்கு மட்டும் எப்படி வந்தது? எல்லோருடைய பணமும் வங்கிக்குள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வெளியே எடுத்து, நோட்டாக்கி, சில்லறையாக்கி, கடைவாசலுக்குக் கொண்டுவரும் வேலையை மட்டும் தொழிலாளியின் தலையில் வைத்திருக்கிறோம். அதற்கு டவுனுக்குப் போய்வரப் பஸ் கட்டணம் வேண்டும். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. வேலைநாளில் போனால் அன்றைய பேரும், அதாவது அந்த நாள் சம்பளமும் போகும். ஆண்டுக்கணக்காகப் போராடி 2021 இல் நாளுக்கு ஆயிரம் ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்திய அந்த நாட்சம்பளத்திலிருந்து இந்தச் செலவை யார் தலையில் கழிப்பது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.