பாட்டு முதலில், கமெரா பிறகு

(கிளிநொச்சியில் பாட்டு வீடியோ எடுக்கும் இளையவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இருக்கிற தம்பிமார் தங்கச்சிமார் பலருடைய பாட்டுகளை யூரியூப்பில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். படம் நன்றாக இருக்கிறது. ட்ரோன் பறக்கிறது, வாடகைக் கார் வருகிறது, பெடியன் கூலிங் கிளாஸ் போட்டு நடக்கிறான். பாட்டு எங்கே? நல்ல கமெரா கிடைத்தால் நல்ல வீடியோ வரும் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள், ஆனால் இந்தக் கலை வளர்ந்த கதையைப் பார்த்தால், அது முன்னுக்கு வந்ததெல்லாம் ஏதோ ஒன்று கையில் இல்லாத நேரத்தில்தான்.

1894இல், திரையில் சினிமா ஓடத் தொடங்குவதற்கு முன்பே, நியூயோர்க்கில் இரண்டு பாட்டுப் பதிப்பாளர்கள் ஒருவரை மேடையில் பாட வைத்து, கண்ணாடித் தகடுகளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். அச்சடித்த பாட்டுத்தாளை விற்க வேண்டும், அதுதான் நோக்கம், விற்கவும் செய்தது. 1940களில் அமெரிக்க மதுச்சாலைகளில் பனோராம் என்று ஒரு பெட்டி இருந்தது. பத்து சதம் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும், ஆனால் எந்தப் பாட்டு என்று நீங்கள் தெரிவு செய்ய முடியாது, சுருளில் அடுத்து எது இருக்கிறதோ அதுதான்.

1966இல் இங்கிலாந்தின் பீற்றில்ஸ் பாட்டுக் குழுவுக்கு ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையமாக ஏறி இறங்க நேரமில்லை, பாட்டைப் படமாக எடுத்து அனுப்பிவிட்டார்கள். 1975இல் குயீன் குழு 'போஹீமியன் ரப்சொடி' பாடியது, அதுபற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குரலுக்கு மேல் குரலாக அடுக்கிப் பதிவு செய்த பாட்டு அது, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நின்று வாயசைத்தால் எடுபடாது, அவர்களுக்குச் சுற்றுப்பயணமும் இருந்தது. சரி என்று ஒத்திகைக் கூடத்திலேயே வீடியோவில் எடுத்தார்கள், படப்பிடிப்பு நாலு மணித்தியாலம் அளவில் முடிந்தது. ஒரு முகம் பலதாகத் தெரிகிறதே, அது கணினி வேலை என்று நினைக்காதீர்கள். லென்சுக்கு முன்னால் பட்டகக் கண்ணாடி, அதாவது ஒரு உருவத்தைப் பலதாகக் காட்டும் பட்டை தீட்டிய கண்ணாடி, வைத்து எடுத்தது. பாட்டிலேயே குரல்கள் பலதாகப் பிரிகின்றன, அதனால்தான் முகமும் பிரிகிறது. பாட்டு கேட்டதைக் கமெரா செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களையே போடும் எம்ரிவி என்ற தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது போடுவதற்குப் போதிய வீடியோக்கள்கூட இல்லை. அந்த நிலைமையிலும் கறுப்பினப் பாடகர்களுக்கு அங்கே இடம் மிகக் குறைவாகவே கிடைத்தது. 1983இல் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி அந்த நிலையத்துப் பேட்டியிலேயே ஏன் இப்படி என்று நேராகக் கேட்டார். அதே வருடம் மைக்கல் ஜாக்சன் அந்தக் கதவைத் திறந்தார். வருடக் கடைசியில் வந்த 'த்ரில்லர்' கிட்டத்தட்ட 14 நிமிடம், ஒரு குறும்படமே.

எங்கள் பக்கம் கதை வேறு. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படம் வந்த நாளிலிருந்து பாட்டு படத்துக்குள்ளேயே இருந்துவிட்டது, பாட்டு என்றால் கதாநாயகனுடையது என்று மனதில் பதிந்துவிட்டது. வன்னியில் அதுவும் கண்ணுக்கு எட்டாத பொருள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். எப்போதாவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால் விடிய விடிய முற்றம் நிறைந்திருக்கும். அப்புறம் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்கள் வந்தன. மாப்பிள்ளை பொம்பிளையைக் குளக்கட்டில் நடக்கவிட்டு, சினிமாப் பாட்டைப் போட்டு, தாளத்துக்குத் தாளம் வெட்டி ஒட்டினார்களே, அந்த அண்ணன்மாரைக் குறைவாக நினைக்காதீர்கள், இங்கே எடிற்றிங் படித்தவர்களில் பலருக்கு அவர்கள்தான் பள்ளிக்கூடம்.

ஆனால் சினிமாப் பாட்டோடு அந்த வழி முட்டுப்படுகிறது. யூரியூப்பில் அதை ஏற்றினால் உரிமைக்காரரின் பாட்டு என்று தளமே கண்டுபிடித்துவிடும், விளம்பரக் காசு அவருக்குப் போகும், சில வேளை வீடியோவே முடங்கும். சொந்தப் பாட்டு வேண்டும்.

சொந்தப் பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டு இருக்கிறது, குருவிப் பள்ளு இருக்கிறது, யானையை அடக்கிய அரியாத்தையின் கதை இருக்கிறது, முல்லைத்தீவில் கோவலன் கூத்து இருக்கிறது. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எல்லாரும் பார்த்தீர்கள். அதை எழுதிய பாடகர் அறிவின் பாட்டி எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அந்த வாழ்க்கையும் ஒப்பாரியும்தான் அந்தப் பாட்டின் அடி. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் அம்மம்மா என்ன பாடினா என்று கேட்டிருக்கிறீர்களா? காலபோக அறுவடை நேரம் வயலுக்குப் போங்கள். இப்போது மெஷின்தான் வெட்டுகிறது, ஆனால் கையால் வெட்டியபோது பாடியவர்கள் இன்னும் வரம்பில் வந்து நிற்கிறார்கள். முதலில் அவர்கள் குரலைச் சத்தமில்லாத ஓர் அறையில், போனாக இருந்தாலும் பரவாயில்லை, ஒழுங்காகப் பதியுங்கள்.

பதிந்த பிறகு கமெராவை எடுங்கள். அந்தப் பதிவை இடத்தில் ஸ்பீக்கரில் போட்டு, அதோடு பாடவிட்டுப் படம் பிடியுங்கள். மெதுவாக நகர வேண்டும், உதடும் பொருந்த வேண்டும் என்றால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து, 25இல் ஓட்டுங்கள். ஆள் கனவில் நடப்பது போல வருவார், வாய் மட்டும் பாட்டோடு நிற்கும். இதற்கு ட்ரோன் தேவையில்லை.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. பல வீடியோக்களில் நடித்தவர் பெயர் பெரிதாக, மத்தளம் அடித்தவர் பெயர் இல்லை, பாட்டைச் சொல்லிக்கொடுத்த அண்ணாவியார் பெயர் இல்லவே இல்லை. எம்ரிவியே இயக்குநர் பெயரைத் திரையில் போடத் தொடங்கியது 1992இல்தான். 'எஞ்சாமி'க்குப் பிறகு அறிவுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்று எவ்வளவு பெரிய வாக்குவாதம் நடந்தது! வயதான ஒருவரிடம் பாட்டு வாங்கினால் அவரிடம் அனுமதி கேளுங்கள், வருமானம் வந்தால் பங்கு என்ன என்று முதலே பேசி எழுதி வையுங்கள், பெயரை விளக்கக் குறிப்பின் அடியில் ஒளிக்காமல் திரையிலேயே போடுங்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.