கிளிஞ்சலில் வார்த்த ஹோட்டல்

வணக்கம். ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் ஒரு ஹோட்டல் கதை. ஊர், அமெரிக்காவில் புளோரிடா பக்கம் செயின்ட் அகஸ்டின். ராக்ஃபெல்லரோடு கூட்டாக எண்ணெய் வியாபாரத்தில் பணம் குவித்த ஹென்றி ஃபிளாக்லர், குளிருக்குப் பயந்து தெற்கே வரும் பணக்காரர்களுக்காக 1888 ஜனவரியில் அங்கே திறந்ததுதான் போன்ஸ் டி லியோன் ஹோட்டல்.

எனக்குப் பணக்காரர்களைப் பற்றிக் கவலையில்லை, சுவர்தான். நாற்பது வருஷம் சாந்துக் கரண்டி பிடித்த கை இது, எந்தப் படத்தைக் காட்டினாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். அந்தக் கரையில் கிளிஞ்சல் தானாக இறுகிக் கல்லாகிக் கிடக்கும், கொகினா என்பார்கள். அந்தக் கிளிஞ்சலையே ஜல்லியாகச் சிமெண்டில் கலந்து, பலகை அடைத்து, அப்படியே ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள். வார்த்த சுவர்! அதே ஊரில் இருக்கும் பழைய கோட்டையும் கொகினாக் கல்தான். 1702இல் ஆங்கிலேயர் பீரங்கியால் அடித்தபோது கல் தெறிக்கவில்லை, குண்டுதான் உள்ளே போய்ப் புதைந்ததாம்.

நம்ம பக்கம் மட்டும் என்ன? தூத்துக்குடிக் கரைக் கிளிஞ்சலைச் சூளை வைத்து நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்துப் பூசிய பழைய சுவரைக் கீறிப் பாருங்கள், நகம்தான் போகும். அங்கே கிளிஞ்சல் ஜல்லி, இங்கே கிளிஞ்சல் சுண்ணாம்பு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று வீட்டிலேயே திட்டுவார்கள், பரவாயில்லை.

அப்புறம் கரண்ட். எடிசன் கம்பெனி போட்டுக் கொடுத்தது. வந்தவர்கள் சுவிட்சைத் தொடவே பயந்ததால், போடவும் அணைக்கவும் தனியாக ஆள் வைத்தார்கள் என்று சொல்வார்கள். சிரிக்காதீங்க. பாளையங்கோட்டையில் எங்க வீட்டுக்குக் கரண்ட் வந்த புதுசில், ஆச்சி அகப்பைக் காம்பால்தான் சுவிட்சைத் தட்டுவாள், அதுவும் தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு. கேட்டால், "உள்ள என்ன கெடக்கோ, யாரு கண்டா?" தாத்தா வெளியே போகச் செருப்பைத் தேடினால், அது சுவிட்சுக்குக் கீழேதான் கிடக்கும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். நானும் கண்ணாடிக்குத்தான் வருகிறேன்: சாப்பாட்டுக் கூடத்தில், லூயி டிஃபனி என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞரின் வண்ணக் கண்ணாடிகள். இரண்டாம் உலகப் போரில் கட்டடம் கடலோரக் காவல் படையின் பயிற்சிக்குப் போனது, 1967இல் ஹோட்டலை மூடினார்கள், மறு வருஷமே ஃபிளாக்லர் கல்லூரி, முதலில் பெண்களுக்கு மட்டும். ஹோட்டலின் இரண்டு கோபுரத்துக்குள்ளும் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதைச் சொல்ல மறந்தேன். இப்போது அறைகள் ஹாஸ்டல், அந்தக் கூடம் மெஸ். டிஃபனி கண்ணாடிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சரி, வணக்கம்.