வெள்ளம் ஏறும்போது மீன் ஏன் சாகிறது?

நேயர்களுக்கு வணக்கம். குளம் வற்றினால் மீன் சாகும். இது நமக்குப் பழகிய காட்சி. பிரேசிலின் பந்தனாலில் தண்ணீர் ஏறும்போதும் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கின்றன.

பொலிவியா, பராகுவே வரை பரவிய இந்த ஈரநிலம் தாம்பாளம்போலத் தட்டை. பராகுவே ஆறு ஒரு கிலோமீட்டர் ஓடினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் வடக்கில் திரண்ட வெள்ளம் தெற்கே போய்ச்சேர மூன்று நான்கு மாதமாகும். அதனால் தெற்கில் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது ஜூன், ஜூலையில்; மழையே இல்லாத நாட்களில்!

வறண்ட மாதங்களில் மண்டிக் காய்ந்த புல்லும் சருகும் மாட்டுச் சாணமும் இந்த வெதுவெதுப்பான நீரில் மூழ்கி அழுகுகின்றன. லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் கறுத்துப்போகும். இதற்கு அங்கே பெயர் ‘டெக்கோவாடா’; சாம்பல் கரைத்த காரநீருக்கான சொல்.

ஆக்சிஜன் குறைவு பாதிக் காரணம்தான். நீரில் கரியமிலவாயு மிகுந்துவிட்டால் செவுளால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தம் அமிலமேறிப் புளித்துப்போய், கிடைக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் சரியாகப் பிடித்துக்கொள்ளாது.

நீரிலுள்ள ஆக்சிஜனை அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நண்பகலில் மேல்நீரை மொண்டால், வெயிலில் பாசி உண்டாக்கிய ஆக்சிஜன் நம்மை ஏமாற்றிவிடும். விடியுமுன், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலுமாக இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியை வழிய நிரப்பி, ஒரு குமிழும் இல்லாமல், மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் படகிலேயே சேர்த்து மூடிவிட வேண்டும். வீழ்படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால், அந்த நீரில் செவுளை மட்டும் நம்பிய மீனுக்கு வழியில்லை.

நுரையீரல் மீன் மேலே வந்து காற்றை விழுங்கும். கவசக் கெளுத்தி ஒன்று விழுங்கிய காற்றைக் குடலிலேயே உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு வியப்பு ‘பாக்கு’ என்ற அந்த ஊர் மீன்தான். அதற்கு நுரையீரலும் இல்லை, குடல்வித்தையும் இல்லை. சில மணி நேரத்தில் கீழுதடு மட்டும் வீங்கிப் புனல்போல நீளும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மேல்நீரை, ஓரளவு ஆக்சிஜன் கரைந்த அந்த ஒரு படலத்தை, அந்த உதடு செவுளுக்குள் வழித்துவிடும். நீர் தெளிந்து ஆக்சிஜன் திரும்பியதும் உதடு மறுபடி வற்றிவிடும்.