நிலம் வாங்கினோம், ஊரைக் கேட்டோமா?

அனைவருக்கும் வணக்கம்.

இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு, விவசாயம் செய்யக் கிராமத்துக்குப் போனவர்கள் உண்டு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு போனவர்கள் உண்டு. 2020 ஊரடங்கில் லேப்டாப்போடு போனவர்களும் உண்டு. அவர்களில் பலர் சென்னைக்கே திரும்பிவிட்டார்கள். நானும் திரும்பியவன்தான்.

பிள்ளைகளின் படிப்பு, ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி, மாதம் பிறந்தால் வராத சம்பளம் எல்லாம் காரணம்தான். ஆனால் இவை போகும்போதே தெரிந்த கஷ்டங்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு.

மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கினேன். ரோட்டிலிருந்து நாலு வயல் தள்ளி உள்ளே. சுற்றிலும் ஆடுதுறை 39 என்ற நெல் ரகத்தை நட்டார்கள். 125 நாளில் அறுவடை. நான் நட்டது மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல். அதற்கு 160 நாள். தை பிறந்ததும் அவர்கள் அறுத்துவிட்டார்கள். அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். என் நெல் முற்றியபோது சுற்றிலும் உளுந்து பூவெடுத்து நின்றது. பெல்ட் மெஷின், அதாவது டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை வண்டி, என் வயலுக்கு வர வேண்டுமானால் அந்தப் பூவை மிதித்துத்தான் வர வேண்டும். கையறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் உயரப் பயிர் ஒரே மழையில் சாய்ந்தது. வேறெங்கும் நெல் இல்லாததால் வட்டாரத்து எலியெல்லாம் என் வரப்பில்.

பக்கத்து வயல்காரர் வந்து பார்த்தார். "ஏன் தம்பி, உளுந்து தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வண்டி வர்ற அகலத்துக்கு விட்டுட்டுத் தெளிச்சிருப்போமே" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. மடை திருப்புவதிலிருந்து உரத்துக்காக வயலில் ஆடு கிடை போடுவது வரை அங்கே எல்லாம் முன்கூட்டிச் சொல்லிவைத்து நடக்கிறது. காசு கொடுத்தால் வேலை நடக்கும் என்று பழகிய எனக்கு, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஊர் பழக வருஷங்கள் ஆகும். என் கையிருப்போ மூன்றாம் வருஷமே தீர்ந்துவிட்டது.

போகப்போகிறவர்களே, முதலில் நிலம் வாங்காதீர்கள். இரண்டு போகம் குத்தகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நடுங்கள், சேர்ந்து அறுங்கள். அப்புறம் வாங்கலாம்.

என் நிலத்தை இப்போது அந்தப் பக்கத்து வயல்காரர்தான் குத்தகைக்குப் பார்க்கிறார். ரோட்டோரத்தில் உள்ள தன் வயலில் ஒரு மா, அதாவது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டும், மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கிறார். விதை நான் கொடுத்தது.