கரண்டியால் இறைத்தாலும் கிணறு வற்றும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். குடும்பக் கடன் தீரச் சிறந்த வழி சிறுகச் சிறுகக் கட்டுவதா, சேர்த்துவைத்து மொத்தமாகக் கட்டுவதா என்பது தலைப்பு. சிறுகச் சிறுகக் கட்டுவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் எங்களுக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டுப் போனார். "கரண்டியால் கிணறு இறைக்கிறவர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை வட்டியோடு திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நண்பரே, கிணற்றைச் சொன்னீர்கள், ஊற்றை விட்டுவிட்டீர்களே! கடன் கிணற்றின் ஊற்றுக்குப் பெயர் வட்டி. பெரிய வாளி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு நீங்கள் கரையில் உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் அது சுரந்துகொண்டே இருக்கும். சுரப்பதைவிட ஒரு கரண்டி கூடுதலாக இறைப்பவர் வீட்டில்தான் கிணறு வற்றும். வற்ற வற்ற, இந்த ஊற்றும் மெலியும்!

கணக்கு வேண்டுமா? ஒரு லட்சம் கடன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மீதமுள்ள அசலுக்கு மட்டும் மாதாமாதம் போடுகிறார்கள். முதல் மாத வட்டியே 1,000. மாதம் 2,000 கட்டினால் கடன் தீர 70 மாதங்கள் ஆகும். 2,500 கட்டினால் 52 மாதங்கள்தான். ஒன்றரை ஆண்டு முன்னதாக விடுதலை, வட்டியில் சுமார் 11,000 மிச்சம். கூடுதலாகப் போட்ட அந்த 500 நாளொன்றுக்கு 17கூட இல்லை. எதிரணி எள்ளி நகையாடிய கரண்டி இதுதான்!

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுச் செலவில் மிச்சமாகும் சில்லறையைத் தனி டப்பாவில் போடுவார். பழைய செய்தித்தாள் விற்ற காசு, பையன் சட்டையைத் தானே தைத்து மிச்சம் பிடித்த காசு, எல்லாம் அதற்குள். மாதக் கடைசியில் அதைக் கொண்டுபோய்க் கடன் கொடுத்த அலுவலகத்தில் நிற்பார். அங்கிருந்த ஊழியர், "இதை அடுத்த தவணையில் வைத்துக்கொள்ளட்டுமா அம்மா?" என்று கேட்டார். அக்கா சொன்னார்: "வேண்டாம் தம்பி, அசலில் கழியுங்கள்."

மறுமாதமும் போனார். "இவ்வளவுதானா அம்மா? அடுத்த தவணையில்..." அவர் முடிக்கவில்லை. "அசலில் கழியுங்கள்." அதற்கடுத்த மாதம் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஊழியர் எழுந்து நின்று, "தெரியும் அம்மா, அசலில்தானே!" என்றார். பின்வரிசையில் இருப்பவர்களும் எழுதிக்கொள்ளுங்கள்: அசலில் கழியுங்கள்! முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் பிடிப்பார்களா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். முழு அசலுக்கும் முதலிலேயே வட்டி போட்டுவிட்ட கடன் என்றால் வழி வேறு, அதையும் விசாரியுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் கைக்காசைத் துடைத்துக் கட்டச் சொல்லவில்லை.

மொத்தமாகச் சேர்த்துக் கட்டலாம் என்கிறார்கள். சேர்ந்த பணம் சும்மா இருக்குமா? அது வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தாலே ஒரு கல்யாணம் வரும், ஒரு பழுது வரும், ஒரு உறவினர் வருவார். கட்டிய காசை எவரும் கடன் கேட்க முடியாது.

அந்த அக்கா வீட்டில் கடன் வந்தது எதனால் தெரியுமா? மாமியாரின் அறுவை சிகிச்சையால். பிழைத்து எழுந்த அந்த வயதான அம்மா, "என்னால்தானே உங்களுக்கு இந்தப் பாரம்" என்று சொல்லிச் சொல்லி அழுவாராம். பெரிய எழுத்தில் மீதித் தொகையை ஒரு தாளில் எழுதி அக்கா அவர் கையில் கொடுப்பார். "பாருங்கள் அத்தை, போன மாதத்தைவிடக் குறைந்துவிட்டது." அந்த அம்மா எண்ணைத் தடவித் தடவிப் பார்ப்பார். அன்று ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுவார்.

எதிரணி நண்பர்களே, மொத்தமாகச் சேரும் நாள்வரை காத்திருங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அத்தனை ஆண்டு அவர் இருப்பார் என்று உறுதி தருவீர்களா? எனக்கு வாய் வராது. நடுவர் அவர்களே, அவர் கண் முன்னாலேயே அந்த எண் குறைய வேண்டும். எங்கள் பக்கம் தீர்ப்பு தாருங்கள். நன்றி, வணக்கம்.