பேட்லாண்ட்ஸில் இரவு எங்கே தங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

மினசோட்டாவிலிருந்தும் சிகாகோ பக்கத்திலிருந்தும் யெல்லோஸ்டோனுக்குக் காரில் கிளம்புகிற நம் குடும்பங்கள், வழியில் தெற்கு டக்கோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்ப்பது நல்லதுதான். எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஐ-90 நெடுஞ்சாலையில் எக்ஸிட் 131-இல் இறங்குகிறார்கள். பூங்காவுக்குள் போகும் 240-ஆம் எண் சாலையில் ஏறக்குறைய 40 மைல் ஓட்டுகிறார்கள். நாலைந்து இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, வால் என்கிற சின்ன ஊரில் எக்ஸிட் 110-இல் மறுபடி நெடுஞ்சாலை ஏறி, ரேபிட் சிட்டி ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள். மொத்தமே ரெண்டு, ரெண்டரை மணி நேரம். அதுவும் பெரும்பாலும் உச்சி வெயிலில். அப்புறம் நம்மிடம் வந்து, "வெளுத்துப்போன மண்மேடுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய் இல்லை. நடுப்பகலில் அது அப்படித்தான் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது மேடுகளின் மடிப்புகளும் வரிகளும். வெயில் தலைக்கு நேரே நிற்கும்போது மடிப்பில் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் மடிப்பு தெரியாது. வெயில் சாய்ந்து விழும்போதுதான் சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று வரிவரியாக எழுந்து வரும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமென்றால் இரவு பக்கத்தில் தங்கியாக வேண்டும். அதனால்தான் என்னைப் பேச அழைத்தபோது, பூங்காவைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், எங்கே தங்குவது என்பதைப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் இருப்பது சூ ஃபால்ஸில், இதே மாநிலத்தின் கிழக்குக் கோடி. நண்பர்களும் உறவினர்களும் வரும்போதெல்லாம் அங்கே கூட்டிப்போவது என் வழக்கம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. வானொலியில் வரைபடம் காட்ட முடியாது. நம் ஊர்ப் பழைய வீட்டுத் திண்ணையையும் அதன் கீழே தெருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை என்பது மேல் புல்வெளி. நெடுஞ்சாலை அதன் மேல்தான் போகிறது. வால் ஊரும் அதன் மேல்தான். தெரு என்பது தெற்கே இருக்கிற கீழ்ப் புல்வெளி. இரண்டுக்கும் நடுவில், திண்ணை விளிம்பு மழையில் கரைந்து உடைந்து போன மாதிரி, கிழக்கு மேற்காக 60 மைல் நீளத்துக்கு ஒரு செங்குத்தான சிதைவு. அதுதான் பேட்லாண்ட்ஸ். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாததற்குக் காரணமும் இதுதான். திண்ணை மேல் நடக்கிறவருக்கு விளிம்புக்குப் போகும் வரை தெரு தெரியாது, இல்லையா?

ஆகவே தங்குமிடம் தேடும்போது முதல் கேள்வி: திண்ணை மேலா, தெருவிலா? இணையத்தில் "பேட்லாண்ட்ஸ் அருகில்" என்று தேடினால் 60 மைல் தள்ளி இருக்கிற ரேபிட் சிட்டி ஹோட்டலும் வரும். வடக்கு டக்கோட்டாவில் மெடோரா ஊர்க் கேபின்களும் வரும். அதுவும் பேட்லாண்ட்ஸ்தான், தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா இருக்கிற அருமையான இடம்தான். ஆனால் இங்கிருந்து பல மணி நேரப் பயணம். முன்பதிவு செய்யும் முன் மாநிலப் பெயரைப் பாருங்கள்.

சரி, தெருவுக்கு வருவோம். சீடர் பாஸ். பூங்காவின் பென் ரைஃபல் பார்வையாளர் மையம் இங்கேதான் இருக்கிறது. பென் ரைஃபல் லகோட்டா என்கிற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர், 1961 முதல் 1971 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர். மையத்துக்குப் பக்கத்தில் சீடர் பாஸ் லாட்ஜ். 1928-இல் தொடங்கிய இடம். பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவாக ஆனதோ 1978-இல். லாட்ஜின் கேபின்களைப் பழைய பாணியிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் எதிரே மண்கோபுரங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், முட்டி வலி இருக்கிறது, இரவில் எழுந்தால் பக்கத்தில் கழிப்பறை வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கே கேபின் எடுங்கள். விடிகாலையில் அவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கேபின்கள் ஏறக்குறைய ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் திறந்திருக்கும். எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

அதே இடத்தில் சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்ட், 96 இடங்கள். தண்ணீர் உண்டு, நல்ல கழிப்பறை உண்டு, காசு போட்டால் குளிக்கலாம். மேசைக்கு மேல் சின்ன நிழல்பந்தல் இருக்கும். மரநிழலை எதிர்பார்க்காதீர்கள், அது புல்வெளி. கோடை இரவுகளில் பக்கத்துத் திறந்தவெளி அரங்கில் பூங்கா ஊழியர்கள் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார்கள். டென்ட்டிலிருந்து நடந்தே போய்வரலாம். குழந்தைகளை மறுபடி காரில் ஏற்ற வேண்டியதில்லை.

முக்கியமான ஒன்று: விறகு வாங்கிப் போகாதீர்கள். பூங்கா முழுவதிலும் திறந்த தீ மூட்டத் தடை. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கேஸ் அடுப்பில் சமைக்கலாம், சாம்பார் வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. கேம்ப் போவது என்றால் நம் ஆட்கள் கடையில் இருப்பதிலேயே பெரிய டென்ட்டை வாங்குகிறார்கள். பத்துப் பேர் படுக்கலாம், நின்றபடி உடை மாற்றலாம். மிஷிகன் காட்டுக்குள் அது சரி. இங்கே பிற்பகலில் மேற்கே மேகம் கறுத்தால் அரை மணிக்குள் இடி, சூறைக்காற்று, சில சமயம் ஆலங்கட்டி. உயரமான டென்ட் அப்படியே மடங்கிவிடும். குட்டையான, குவிந்த டென்ட்டாக ரெண்டு கொண்டுபோங்கள். கூடவே நீளமான இரும்பு முளைகள், ஒரு நல்ல சுத்தியல். காய்ந்த களிமண்ணில் அலுமினிய முளை வளைந்துவிடும். பகலில் வெளியே சுற்றப் போகும்போது டென்ட்டுக்குள் கனமான பெட்டிகளை நாலு மூலையிலும் வையுங்கள். திரும்பச் சொல்கிறேன்: குட்டை டென்ட், இரும்பு முளை, சுத்தியல்.

இனி எனக்குப் பிடித்த இடம், சேஜ் கிரீக். பூங்காவின் மேற்குப் பக்கம், பினக்கிள்ஸ் நுழைவாயிலிலிருந்து சரளைச் சாலையில் சுமார் 12 மைல். சுற்றிலும் புல்மேடுகள், நடுவில் வட்டமாக ஒரு திடல். தங்குவதற்குக் கட்டணம் இல்லை, முன்பதிவும் கிடையாது, முதலில் வருகிறவருக்கு இடம். குழிக் கழிப்பறை உண்டு. தண்ணீர் கிடையாது, ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஓடைத் தண்ணீரில் நுண்ணிய களிமண் கலந்திருக்கும், வடிகட்டியை அடைத்துவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்று கணக்குப் போட்டுக் காரிலேயே கொண்டுபோக வேண்டும். செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

ஒரு ஜூன் மாதம் அண்ணன் குடும்பத்தோடு அங்கே தங்கினோம். மாலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. புளியோதரை கொண்டுபோயிருந்தோம். பக்கத்து இடத்தில் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, அவர்களுக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். அந்தப் பெரியவர் சாப்பிட்டபடியே மேற்கே பார்த்து, ராத்திரி மழை வரும், காலையில் சாலையில் வண்டியை இறக்கிவிடாதீர்கள், மதியம் வரை பொறுத்திருங்கள் என்றார். அப்படியே பத்து மணிக்கு மேல் பிடித்துக்கொண்டது. மின்னல் வெட்டும்போதெல்லாம் டென்ட்டுக்குள் பகல் போல வெளிச்சம். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது.

விடிகாலையில் எனக்குத் தூக்கம் கலைந்தது ஒரு சத்தத்தில். யாரோ கனமாக மூச்சு விடுகிற சத்தம், புல்லைப் பறிக்கிற சத்தம். பக்கத்து டென்ட்டிலிருந்து அண்ணன் மகள் மெதுவாகக் குரல் கொடுத்தாள்: "சித்தப்பா, வெளியே வராதீங்க." வலைச் சன்னல் வழியாகப் பார்த்தால் காட்டெருமைகள். ஒன்று எங்கள் மேசைக்கு இந்தப் பக்கம், ரெண்டு கழிப்பறை வாசலில், குட்டிகளோடு ஒரு கூட்டம் திடலுக்கு நடுவே. திடலில் ஒருவரும் அசையவில்லை. அண்ணி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அவை அவசரப்படவே இல்லை. ஒரு கம்பத்தில் முதுகைச் சொறிந்தன, மேய்ந்தன, பிறகு தாமாக ஓடைப் பக்கம் இறங்கிப் போயின. ஒரு காலத்தில் இந்தப் பகுதியிலிருந்து அடியோடு அற்றுப்போன விலங்கு அது. 1963-இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல். சாதுவாகத் தெரியும், மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும். அருகே போய்ச் செல்ஃபி எடுக்கிற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

மழை பெய்த சாலை? பெரியவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று காலை பார்த்தோம். ஒரு வண்டி கிளம்பிப் பார்த்தது. கொஞ்ச தூரத்திலேயே சக்கரமெல்லாம் களிமண் அப்பிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கியது. அந்த மண்ணில் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடித்து உதிரும். அதனால் செடி வேர் பிடிக்க முடியாமல் வெறும் மேடாகவே நிற்கிறது, ஒவ்வொரு மழையும் அதை அறுக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு ஓர் அங்குலம் கரைகிறது என்கிறார்கள். அறுக்கத் தொடங்கியது ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன். இன்னும் அதே அளவு காலத்தில் கோபுரங்கள் எல்லாம் கரைந்துபோய்விடும் என்பதும் கணக்கு. அன்று மழையில் நனைந்த மேடுகளின் நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாள் வெளிறிக் கிடந்த சிவப்பு வரிகள் எல்லாம் அழுத்தமாக எழுந்து நின்றன. மதியம் சாலை காய்ந்தது, கிளம்பினோம். ஆகவே சேஜ் கிரீக் போகிறவர்கள் அடுத்த நாள் காலையில் எங்கேயும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியபடி திட்டம் வைக்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடும் தண்ணீரும் கூடுதலாக இருக்கட்டும்.

இந்த இரண்டு இடமும் கிடைக்கவில்லை என்றால்? பூங்காவின் தென்கிழக்கு வாசலில் இன்டீரியர் என்று நூறு பேர்கூட இல்லாத ஒரு ஊர். தனியார் கேம்ப்கிரவுண்டும் மோட்டலும் அங்கே உண்டு. அதுவும் தெருப் பக்கம்தான், அதனால் எனக்கு அடுத்தபடி அதுதான். திண்ணை மேல் வால் ஊரில் மோட்டல்கள் நிறைய. 1936-இல் இலவச ஐஸ் தண்ணீர் என்று சாலையோரம் பலகை வைத்தே பேர் வாங்கிய வால் டிரக் (Wall Drug) என்கிற மருந்துக்கடை அங்கேதான் இருக்கிறது. கிழக்கே கடோகா என்கிற ஊரும் உண்டு. சில மாட்டுப்பண்ணைகள் கேபின் வாடகைக்கு விடுகின்றன. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசி மைல்கள் தார்ச்சாலையா, சரளையா? ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். லட்சக்கணக்கானவர்கள் வருவார்கள், அந்த வட்டாரத்தில் அறை கிடைப்பது மிகக் கடினம். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். சூரிய உதயத்துக்கு அலாரம் வைக்கும்போது கவனியுங்கள்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார், ரெண்டு நிமிடம்தான் இருக்கிறது. பினக்கிள்ஸ் வாசலுக்கு வெளியே பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில், திண்ணை விளிம்பிலேயே, கட்டணம் இல்லாமல் டென்ட் போடலாம். 14 நாள் வரை அனுமதி. தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. விளிம்பிலிருந்து தள்ளியே போடுங்கள். புதைபடிவங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2010-இல் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கத்திப்பல் பூனை போன்ற ஒரு விலங்கின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தாள். எடுக்காமல், தொடாமல், ஊழியரிடம் போய்ச் சொன்னாள். உங்கள் குழந்தைகளும் அப்படியே செய்யட்டும்.

கடைசியாகப் பூங்காவின் தெற்குப் பகுதி. அது பைன் ரிட்ஜ் பூர்வகுடி ஒதுக்கீட்டுப் பகுதியில், ஒக்லாலா லகோட்டா மக்களின் நிலம். 1942-இல் போர்க்காலக் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கக்கூடும். அங்கே இரவு தங்க நினைக்கிறவர்கள் முதலில் வைட் ரிவர் பார்வையாளர் மையத்தில் கேளுங்கள். அது கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். யாருடைய நிலம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். கண்ணில் படும் உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.