காட்டப் படமில்லாத பாடகர்

[திரை கறுப்பு. கிடார் தந்தியை முறுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.]

வணக்கம். இந்த வீடியோவை எடுப்பதில் எனக்கு ஒரு சிக்கல். ஒரு பாடகரைப் பற்றிப் பேசப்போகிறேன், ஆனால் அவர் பாடுவதை உங்களுக்குக் காட்ட முடியாது. காப்புரிமைத் தொல்லை எதுவும் இல்லை. வளர்ந்து ஆளான பிறகு அவர் பாடுவதாகவோ நடப்பதாகவோ சிரிப்பதாகவோ உறுதியான ஒரு விநாடிப் படச்சுருள்கூட இதுவரை கிடைத்ததில்லை. குழந்தையாக இருந்தபோது வீட்டில் எடுத்த சில துண்டுகள் உண்டு. அப்புறம் கொஞ்சம் போட்டோக்கள். அவ்வளவுதான்.

ஒரு இசை விழாக் கூட்டத்தில் உயரமான ஒருவர் முதுகைக் காட்டி நடந்துபோகும் கிளிப் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அது அவர்தான் என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். வெறும் முதுகை வைத்து நான் எதுவும் சொல்வதாக இல்லை.

[போட்டோ: சுவரில் சாய்ந்து நிற்கும் நெடிய இளைஞர்.]

பெயர் நிக் டிரேக். இங்கிலாந்துக்காரர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிடார் வாசித்துப் பாடியவர். 1974 நவம்பர் 25 அன்று இறந்தபோது அவருக்கு வயது 26. அதற்குள் மூன்று ஆல்பங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் அவர் உயிரோடு இருந்தவரை ஐயாயிரம் பிரதிகூட விற்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைக்கு, தனியாக உட்கார்ந்து கிடாரோடு மெதுவாகப் பாடும் யாரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? ‘செத்த பிறகுதான் உலகம் கொண்டாடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் உலகம் தானாக எதையும் கொண்டாடுவதில்லை. யாரோ சிலர் எதையோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் அது நடக்கும். நிக் டிரேக் விஷயத்தில் அந்தச் சிலர் யார் யார் என்பது நமக்குத் தெரியும்.

சரி, முதலிலிருந்து வருவோம்.

[வரைபடம்: ரங்கூன்.]

அவர் பிறந்தது ரங்கூனில், 1948 ஜூன் 19. பர்மா சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்பா ராட்னி, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் என்ஜினீயர். பர்மா தேக்கு என்கிறோமே, அந்த வியாபாரம் செய்த கம்பெனி. அம்மா மோலி. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது இந்தியாவுக்குத் தப்பி வந்து, டெல்லியில் தன் சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடியவர். இந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் வீடு. பெரியவனானதும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். படிப்பை முடிக்கவில்லை. 1968-ல் லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் அவர் பாடியதைக் கேட்ட ஒரு இசைக்கலைஞர், ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டார். அடுத்த வருடமே முதல் ஆல்பம், ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’. அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே வெளிவந்தது.

இப்போது கிடாருக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகப்போகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சோகத்தைத்தான் பேசுகிறார்கள், விரலைப் பேசுவதில்லை.

[அனிமேஷன்: ஆறு தந்திகள், ஒவ்வொன்றின் அருகிலும் சுரத்தின் பெயர்.]

கிடாரில் ஆறு தந்தி. தடிமனான தந்தியிலிருந்து தொடங்கினால் வழக்கமான சுருதி இ, ஏ, டி, ஜி, பி, இ. கற்றுக்கொள்கிற எல்லோரும் இதில்தான் தொடங்குவார்கள், பெரும்பாலோர் இதிலேயே இருந்துவிடுவார்கள். ‘பிங்க் மூன்’ பாட்டுக்கு நிக் வைத்தது சி, ஜி, சி, எஃப், சி, இ. திரையைப் பாருங்கள்: நான்கு தந்திகள் தளர்கின்றன, ஒன்று அரைச் சுரம் ஏறுகிறது, கடைசித் தந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு கிடார்க் கழுத்தில் இரண்டாவது ஃபிரெட்டில், அதாவது இரண்டாவது கட்டையில், எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டிவிடுவார்.

இதனால் என்ன லாபம்? விரல் படாத தந்திகளும் ஒன்றோடொன்று இசைந்தே ஒலிக்கும். தம்புரா பின்னால் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் பாடகர் நகர்வாரே, கிட்டத்தட்ட அப்படி. இடது கை இரண்டு விரலை அசைத்தால் போதும், வலது கட்டை விரல் கீழே ஆழமாக ஒன்றைத் தட்டிக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே வேறொன்றைப் பின்னும். இரண்டு கிடார் வாசிப்பதாகக் கேட்பவர் நினைப்பார். ஆனால் ஒருவர்தான். வழக்கமான சுருதியில் வைத்துக்கொண்டு இதை வாசித்துப் பார்த்தவர்கள் விரல் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். நானும் அதில் ஒருவன்.

தாளம் வேறு. முதல் ஆல்பத்தில் ‘ரிவர் மேன்’ என்று ஒரு பாட்டு. ஐந்து எண்ணிக்கையில் சுழல்கிறது. மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்குத் தகதகிட, தகதகிட என்று வைத்துப் பார்க்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், எண்ணிப் பார்க்காதவரை அது ஐந்து என்று தெரியவே தெரியாது. குரல் அதன் மேல் அவ்வளவு சோம்பலாக, தாளத்தைக் கண்டுகொள்ளாத மாதிரி மிதக்கும்.

இந்தத் திறமைக்கு ஒரு விலை இருந்தது. பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். ஸ்டுடியோவில் அதனால் ஒன்றும் இல்லை. மேடையில்? ஒரு பாட்டு முடிந்ததும் குனிந்து தந்திகளைத் திருகத் தொடங்குவார். அந்த நேரத்தில் நாலு வார்த்தை பேசி, ஒரு ஜோக் சொல்லி ஓட்டத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். நிக் வாயே திறக்க மாட்டார். அமைதியாக உட்கார்ந்து கேட்கும் அரங்கம் என்றால் சரி. 1969-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அப்படி ஒன்று நன்றாகவே அமைந்தது. கிளாஸ் சத்தமும் பேச்சுச் சத்தமும் நிறைந்த இடங்களில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1970-ல் ஒரு கல்லூரியில் பாடிக்கொண்டிருந்தவர், பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அதன் பிறகு மேடையே கிட்டத்தட்ட இல்லை. பேட்டியும் கிட்டத்தட்ட இல்லை. மேடையும் பேட்டியும் இப்படி என்றால் அந்தக் காலத்தில் இசைத்தட்டு எப்படி விற்கும்?

இரண்டாவது ஆல்பம் ‘பிரைட்டர் லேட்டர்’, 1971. டிரம்ஸ், சாக்ஸஃபோன், தந்தி வாத்தியங்கள் என்று எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் போகவில்லை.

[திரையில்: நள்ளிரவைக் காட்டும் கடிகாரம்.]

மூன்றாவது, ‘பிங்க் மூன்’. 1971 அக்டோபர். லண்டன் செல்சியில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டுடியோ. ஒரு காலத்தில் பால் பண்ணைக் கட்டடமாக இருந்த இடம். பகலில் வேறு ஆட்கள் பதிவு செய்துகொண்டிருப்பார்கள் என்பதால் நள்ளிரவுக்கு மேல் இரண்டு இரவுகள். உள்ளே இரண்டே பேர்: நிக், ஒலிப்பதிவாளர் ஜான் வுட். பதினோரு பாட்டு, மொத்தம் 28 நிமிடம். தலைப்புப் பாட்டில் கொஞ்சம் பியானோ சுரங்கள் மேலே வைத்ததைத் தவிர, குரலும் கிடாரும் மட்டும்தான்.

முடித்த டேப்பை, அவர் ஆல்பங்களை வெளியிட்ட ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. எல்லா வீடியோவிலும் வரும். கம்பெனி முதலாளி கிறிஸ் பிளாக்வெல்லிடமே நேரில் கொடுத்தார் என்பது பிற்பாடு வந்த தகவல். ஆனாலும் வரவேற்பறைக் கதைதான் ஓடுகிறது. நமக்குப் பேயைப் போல வந்து போகிற பாடகர்தான் பிடிக்கிறது போலும்.

அதற்குப் பிறகு உடல்நிலையும் மனநிலையும் இறங்கிக்கொண்டே போயின. பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடந்தது. 1974-ல் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தபோது, வாசித்துக்கொண்டே பாட அவரால் முடியவில்லை. கிடாரைத் தனியாகப் பதிவு செய்து, அதன் மேல் குரலைத் தனியாக வைத்தார்கள். கட்டை விரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஓட்டியவர் அவர். அந்த வருட நவம்பரில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று எழுதினார். நெருங்கியவர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் இதற்கு மேல் அந்த அறைக்குள் போகவில்லை.

இறுதிச் சடங்குக்கு வந்த நண்பர்கள் பலர் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். நிக் ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்தோடு சேர்த்ததே இல்லை.

இப்போது, தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள்.

முதல் ஆள் ஜோ பாய்ட். அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போகும்போது தன் தயாரிப்புக் கம்பெனியை ஐலண்டுக்கு விற்றார். விற்கும்போது ஒரு நிபந்தனை: நிக் டிரேக்கின் இசைத்தட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது. யோசித்துப் பாருங்கள். விற்காத சரக்கு. எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலில் கோடு போடுவது அதன் மேல்தான். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்ததால்தான், யாரோ ஒருவர் நண்பர் வீட்டில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கேட்டால், வரவழைத்துத் தர ஒரு தட்டு இருந்தது. 1979-ல் மூன்றையும் ஒரே பெட்டியாகக்கூடப் போட்டார்கள். அதுவும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் இருந்தது.

அடுத்து, பெற்றோர். பாட்டைக் கேட்டுவிட்டுத் தெரியாத இளைஞர்கள் அந்தக் கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ராட்னியும் மோலியும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், மகன் இருந்த அறையைக் காட்டுவார்கள். நிக் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தவற்றை அப்பாவே பிரதி எடுத்துக் கொடுப்பார். அந்த டேப்புகள் கைக்குக் கை போயின.

அப்புறம் வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1999-ன் கடைசியில் ஃபோக்ஸ்வாகன் ஒரு கார் விளம்பரம் எடுத்தது. நான்கு பேர் இரவில் திறந்த காரில் போகிறார்கள், பின்னணியில் ‘பிங்க் மூன்’. பார்ட்டி நடக்கும் இடத்துக்கு வந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த ஆல்பத்தின் விற்பனை பல மடங்கு எகிறியது. கார் விற்கவா அவர் பாடினார் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. பார்ட்டிக்குள் போகாமல் திரும்புவதை வேறு எந்தப் பாட்டுக்கு எடுக்க முடியும்?

[திரை மறுபடி கறுப்பு.]

கடைசியாக அம்மா. மோலி வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார். 1950-களில் ராட்னி அவற்றை டேப்பில் எடுத்து வைத்தார். யாருக்கும் விற்க இல்லை, வீட்டுக்குத்தான். மோலி 1993-ல் இறந்தார். அந்தப் பாட்டுகள் அதற்கும் பல வருடம் கழித்து ஆல்பமாக வெளிவந்தன. பழைய டேப்பைச் சுத்தம் செய்து கொடுத்தவர் ஜான் வுட். ஆமாம், அந்த இரண்டு இரவும் நிக்கோடு உட்கார்ந்திருந்த அதே ஜான் வுட்.

ஒரு வேலை செய்யுங்கள். முதலில் மோலியின் ஒரு பாட்டு, உடனே நிக்கின் ஒரு பாட்டு என்று கேளுங்கள். அந்தத் தயக்கம், வரியின் கடைசிச் சொல்லை முழுதாக விடாமல் பாதியில் இழுத்துக்கொள்வது, எதிர்பாராத இடத்தில் சுரம் சரிவது. அடுத்த அறையில் ஒரு சின்னப் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

[பியானோ. பதினைந்து விநாடி. அதன் பிறகு கிடார்.]